புகைக்கும் பேர் போடுங்கள், துரை!

டயரில் காற்றைச் சரியாக வைத்திருங்கள். டிக்கியில் தேவையில்லாத பாரம் ஏற்றாதீர்கள். ஒரே பக்கம் போகிறவர்கள் ஒரே வண்டியில் போங்கள். மூன்று வேலைக்கு மூன்று பயணம் போகாமல் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில்தான் என்றால் நடந்து போங்கள். கார் ஓட்டுவதால் பூமிக்கு வரும் கேட்டைக் குறைக்க, குளிரூட்டிய மண்டபங்களில் கூடி உட்கார்ந்து பெரியவர்கள் கண்டுபிடித்த வழிகள் இவை. நல்ல வழிகள்தான். ஆனால் வட்டவளைக்கு வந்து சொல்வதென்றால் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லுங்கள். எங்களுக்கு இதில் இருநூறு வருட அனுபவம்.

1820களில் தொடங்கி, தோட்டக் கூலிகளாகக் கடல் தாண்டிய எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். டயர் இல்லாததால் காற்றுக் குறையவில்லை. பாரம் என்று பார்த்தால் தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு பிள்ளை. ஒரே பக்கம் போகிறவர்கள் ஒன்றாகவே போனார்கள். கொலராவிலும் பட்டினியிலும் வழியில் விழுந்தவர்கள் மிச்சப் பேருக்குப் பாரத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். எரிபொருள் சிக்கனத்தில் இதைவிடப் பெரிய சாதனையை எந்த ஜப்பான் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை. 2023இல் இருநூறாவது ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடியும் நடந்தார்கள். காணி, வீடு, சம்பளம், சம உரிமை எல்லாம் கேட்டார்கள். சுற்றுச்சூழல் விருது கேட்க மறந்துவிட்டார்கள். கேட்டிருந்தால் அதையாவது தந்திருப்பார்கள். விருது கொடுப்பதற்குக் காணி பிரிக்க வேண்டியதில்லை.

வட்டவளை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் அநேகமாக அதைப் பலமுறை கடந்து போயிருப்பார்கள். அவிசாவளையிலிருந்து ஏ-7 வீதியில் கித்துல்கலையைத் தாண்டி, கினிகத்தேனை ஏற்றம் ஏறி, ஹட்டனைத் தொடுவதற்கு முன் கண்ணாடியை ஏற்றிவிட்டு வைப்பரைப் போடுவீர்களே, அந்த இடம். வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இலங்கையில் இதைவிட நனையும் ஊர்களை விரல்விட்டு எண்ணலாம். ஏப்ரலில் நுவரெலியா சீசன், டிசம்பரிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன், இடையில் ஒரு போயா வெள்ளிக்கிழமையில் விழுந்தால் அது ஒரு தனிச் சீசன். வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு மலையேறும். உள்ளே இரண்டு பேர், பின் சீட்டில் ஒரு நாய்க்குட்டி, கூரையில் காலியான சாமான் கூடை. கூரைக் கூடை காற்றைத் தடுத்து எண்ணெயைத் தின்னும் என்று அதே பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கூடை இல்லாவிட்டால் ஜீப் ஜீப் மாதிரி இருக்காதே.

மலை பார்க்க வந்தவர்கள் வளைவில் நிறுத்துவார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், நாய்க்குட்டிக்கு ஏசி வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கூப்பிட்டுப் படம் எடுப்பார்கள்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

"சிரிச்சா கிலோ ஏறுமாங்க?"

இதற்கும் அவர்கள்தான் சிரிப்பார்கள். அந்தப் படம் மாலைக்குள் "தூய காற்று, பசுமை, அமைதி" என்ற வாசகத்தோடு உலகம் சுற்றும். அது எடுக்கப்பட்ட வேளையில் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே இருந்தது சைலன்சர் குழாய்.

கிலோ என்றதும் கணக்குக்கு வருவோம். தோட்டத்தில் பிறந்தவனுக்கு நிறுத்துப் பார்க்காமல் எதுவும் விளங்காது. ஒரு லீட்டர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியே வரும். டீசல் என்றால் 2.7 கிலோ. லீட்டர் பெற்றோலே முக்கால் கிலோதானே இருக்கிறது, மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். எரியும்போது காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. ஜீப்பும் பாதிக்கு மேல் பொதுச் சொத்தில்தான் வாழ்கிறது. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பும் பெரிய ஜீப், இந்த ஏற்றத்தில் லீட்டருக்கு எட்டு கிலோமீட்டர் ஓடும் என்று தாராளமாக வைத்தாலும், 40 லீட்டர் குடிக்கும். பெற்றோல் ஜீப் என்றால் புகை 90 கிலோவுக்கு மேல். டீசல் என்றால் 100ஐத் தாண்டும். எங்கள் பக்கம் பல தோட்டங்களில் ஒரு பெண் நாளைக்கு இருபது கிலோ கொழுந்து நிறுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப் பேர். ஆக, ஐந்து நாள் ஒரு பெண் கூனிப் பறித்த கொழுந்தின் எடை அளவுக்கு, இரண்டு பேரும் ஒரு நாயும் ஒரு வார இறுதியில் புகை விட்டுப் போகிறார்கள்.

சம்பளத்தில் கணக்குப் பார்த்தாலும் இதே கதைதான். 2025 கடைசி வரை அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அப்போது பெற்றோல் லீட்டர் 300க்குச் சற்றுக் குறைவு. காலை முதல் பின்னேரம் வரை அட்டைக்கடியோடு மலையேறினால் நாலரை லீட்டர். ஜீப்புக்கு அது கொழும்பிலிருந்து அவிசாவளைவரைகூடப் போதாது.

எனவே என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. சுற்றாடல் அமைச்சு இதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கினிகத்தேனைச் சந்தியில் ஒரு தராசைத் தொங்கவிடுங்கள். மலையேறும் ஒவ்வொரு வண்டியின் புகையையும் நிறுங்கள். நிறுக்கும் வேலையைப் பொறியியலாளருக்கோ விஞ்ஞானிக்கோ கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் நியாயமாக நிறுப்பார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று பழகிய கணக்கப்பிள்ளைமாரிடம் கொடுங்கள். சாக்குக்கு என்று கழிப்பார்கள். தண்ணிக்கு என்று கழிப்பார்கள். முற்றல் இலை என்று ஒரு பிடி அள்ளி வீசுவார்கள். இருபத்திரண்டு கிலோவாகத் தராசுக்கு வந்த கூடை பதினெட்டாகப் புத்தகத்தில் ஏறும். அந்தத் திறமையைத் திருப்பிப் போட்டால் போதும். மழைக்குள் ஓடியதால் புகையில் ஈரம், இரண்டு கிலோ சேர். கண்ணாடியில் கறுப்புத் தாள், அதற்கு ஒரு கிலோ. வளைவில் ஹோர்ன் அடித்துப் பிள்ளையைப் பயமுறுத்தியது அரைக் கிலோ. புகையில் முழுப் பேர் எடுத்த துரை கீழே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஹட்டன் போக வேண்டும். ஆறு மாதம் இப்படி நடத்தினால் பூமி குளிர்ந்துவிடும். இருநூறு வருடமாகச் சின்னக் கிராம்களைத் திருடித் தேர்ந்த ஒரு கலையை இந்த நாடு இப்படி வீணாக்கக்கூடாது.

கேலி செய்கிறேன் என்று நினைப்பவர்கள் அரசாங்கம் உண்மையாகவே போட்ட கணக்கைப் பாருங்கள். 2017 நவம்பரில் மங்கள சமரவீர கொண்டுவந்த "நீல-பசுமை" வரவு செலவுத் திட்டத்தில் கார்பன் வரி அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எஞ்சினின் கொள்ளளவுக்கும் வண்டியின் வயதுக்கும் ஏற்ப வரி. ஐந்து வயதுக்குட்பட்ட பெற்றோல், டீசல் வண்டிக்கு ஒரு சிசிக்கு ஐம்பது சதம். பத்து வயதைத் தாண்டியதற்கு ஒன்றரை ரூபாய். அதாவது 2,700 சிசி கொண்ட புத்தம்புதுச் சொகுசு ஜீப்புக்கு வருடத்துக்கு 1,350 ரூபாய். வட்டவளையிலிருந்து ஹட்டனுக்குப் பதினான்கு பேரை நெருக்கி ஏற்றிப் போகும் 2,000 சிசி கிழட்டு வேனுக்கு 3,000 ரூபாய். ஜீப் துரை வருடம் முழுக்கப் பூமியைச் சூடாக்குவதற்கு அரசாங்கம் வைத்த விலை, பின்னால் ஒரு கொழுந்துப் பெண்ணின் ஒரே நாள் சம்பளமாக வந்து நின்ற அதே தொகை. இதைத் தற்செயல் என்பீர்கள். எங்கள் வாழ்க்கையில் இப்படித் தற்செயல்கள் அதிகம்.

பழைய எஞ்சின் கரும்புகை கக்கும் என்பது உண்மை. அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு, அதைச் சோதிக்கத் தனியாகப் புகைச் சான்றிதழும் இருக்கிறது. ஆனால் பூமியைச் சுடும் வாயு, எரிந்த எண்ணெயின் அளவைத்தான் பார்க்கும். எஞ்சினின் பிறப்புச் சான்றிதழைக் கேட்காது. வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் ஐம்பதாயிரம் ஓடினாலும் ஒரே வரி என்ற சட்டத்துக்குக் கார்பன் வரி என்று பெயர் வைத்ததைவிடக் கிழட்டு வேன் வரி என்று நேராகவே வைத்திருக்கலாம். அதுவும் ஒரு வருடம்தான் உயிரோடு இருந்தது. 2019 இறுதியில் ஆட்சி மாறியதும், அள்ளி வீசிய வரிச்சலுகைகளோடு இதுவும் போனது. அந்தச் சலுகைகள் நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று 2022இல் பார்த்தோம். பெற்றோல் செட் வரிசையில் நிறுத்தின.

வங்குரோத்துதான் இலங்கை கண்ட மிகப் பெரிய சுற்றுச்சூழல் திட்டம். 2022 ஜனவரியில் 177 ரூபாயாக இருந்த பெற்றோல் ஜூன் கடைசியில் 470. பிறகு க்யூஆர் கோட்டா. காருக்கு வாரம் 20 லீட்டர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. இந்த எண்களை ஒரு தரம் சத்தமாக வாசியுங்கள். கார் ஒரு குடும்பத்துக்கு. ஆட்டோ எங்கள் பக்கம் தோட்டத்தின் ஒரு டிவிசன் முழுவதற்கும்: அதுதான் அம்புலன்ஸ், அதுதான் பிரசவ வண்டி, அதுதான் பரீட்சைக்குப் பிந்திய பிள்ளையின் கடைசி நம்பிக்கை. அந்த வண்டிக்கு 5. ஒற்றை ஆள் ஒபிஸ் போகும் வண்டிக்கு 20. நடப்பவனுக்குக் கோட்டா இல்லை என்று நினைக்க வேண்டாம். அவனுக்கு அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் வந்து சேர்ந்தது, ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக. கரண்ட் போன இரவுக்கும் விறகு நனைந்த நாளுக்கும் வரிசை வீடுகளாகிய லயங்களின் காம்பராவில் எரியும் அரைப் போத்தல் எண்ணெயில்தான் நாட்டின் நட்டம் ஒளிந்திருந்தது என்று கண்டுபிடித்தார்கள். வட்டவளையில் விறகு நனையாத நாள் எது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த மாதங்களில் கொழும்பில் சில கனவான்கள் சைக்கிள் வாங்கி ஒபிஸுக்குப் போனார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. உடல்நலம், எளிமை, பூமிப் பற்று. வெள்ளைச் சப்பாத்தோடு லயத்திலிருந்து இறங்கி, பள்ளிக்கூட வாசலில் சேறு கழுவும் பிள்ளைகளை யாரும் படம் எடுக்கவில்லை. அதில் செய்தி இல்லை. இருப்பவன் ஒரு நாள் குறைத்தால் தியாகம். இல்லாதவன் ஆயுள் முழுக்கக் குறைவாகவே வாழ்ந்தால் அது அவன் தலையெழுத்து.

அதற்கு முந்திய வருடம் வந்த பச்சைக் காய்ச்சலையும் மறந்துவிடக்கூடாது. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தினார்கள். நாடு முழுக்க இயற்கை விவசாயம், உலகத்துக்கே முன்மாதிரி. அறிவித்தவர்களின் வாகனத் தொடரணியில் ஒரு வண்டிகூடக் குறையவில்லை. தேயிலைக்குத்தான் சாப்பாடு குறைந்தது. கொழுந்து சுருங்கியது. மலையில் இலை இல்லாவிட்டால் இருபது கிலோவுக்கு எங்கே போவது? வருடம் முடிவதற்குள் தடையை விலக்கிக்கொண்டார்கள். விழுந்த அரைப் பேர்களை யாரும் திருப்பி முழுப் பேராக்கவில்லை.

சீராக ஓட்டுங்கள், திடீரென மிதிக்காதீர்கள், திடீரென நிறுத்தாதீர்கள், அதிக எண்ணெய் அதில்தான் போகிறது என்பது இன்னொரு உபதேசம். நூற்றுக்கு நூறு சரி. இதை எங்கள் தோட்டத்துப் பாதையில் செய்து காட்டுபவருக்கு ஒரு கிலோ டஸ்ட் தேயிலை இனாம். ஒரு சக்கரம் குழியில், ஒரு சக்கரம் கல்லில், முதலாம் கியரிலேயே முனகி ஏறும் ஆட்டோ, நல்ல வீதியில் குடிப்பதைவிடப் பல மடங்கு குடிக்கும். பாதை ஏன் அப்படி இருக்கிறது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எழுதியவர்கள், தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க வழியில்லாமல் 33ஆம் பிரிவை வைத்துவிட்டார்கள். வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவுசெய்யலாம், அந்த உறுப்பினர் நம் வாசலில் ஒரு கல்லைப் புரட்டிப் போட முடியாது. இதைத் திருத்த 2018 வரை ஆனது. முப்பத்தொரு வருடம் அந்தப் பாதையில் வீணாக எரிந்த எண்ணெயின் புகையை யார் பேரில் போடுவது? வலியோடு ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போன பெண்ணின் பேரிலா?

தேயிலை மலைக்குள் நல்ல பாதையே இல்லை என்றும் சொல்ல முடியாது. நுவரெலியாவில் மஹகஸ்தொட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1930களிலிருந்து நடந்துவருகிறது. வழவழவென்ற தார், வளைவுக்கு வளைவு ஆள், நொடியைத் துண்டாக்கி நேரம் குறிக்கும் கருவி, பக்கத்திலேயே அம்புலன்ஸ். ஏப்ரல் சீசனில் வந்து பாருங்கள். எங்கும் போக வேண்டியதில்லாத வண்டிகள் அதிவேகமாக மலையேறி, மேலே போய், ஒன்றும் செய்யாமல் இறங்கும். நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர வேண்டியவர்கள் வேறு மலையில் டிரக்டருக்குக் காத்திருப்பார்கள்.

எங்கள் தொழிற்சங்கத் தலைவர்களை விட்டுவிட்டால் இது முழுக்கணக்கு ஆகாது. மாதச் சம்பளத்தில் சந்தா பிடிப்பதில் அவர்களுக்கும் தோட்டத்துக்கும் அபார ஒற்றுமை. முழ நீளக் கொங்கிரீட் பாதை ஒன்றைத் திறந்துவைக்க முன்னால் ஒரு ஜீப், நடுவில் ஒரு ஜீப், பின்னால் மாலை ஏற்றிய ஒரு வேன். பாதையைவிடத் தொடரணி நீளம், தொடரணியைவிடப் பெயர்ப்பலகை நீளம். பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையில்லாமல் வண்டி இறக்கும் பர்மிட் எத்தனையோ வருடம் இருந்தது. அதை விற்றுக் காசாக்கியவர்கள் இருந்ததும் நாடறிந்தது. காரைக் குறைக்கச் சொன்ன சபையில் காரே சம்பளமாக இருந்தது.

இப்போது மின்சாரக் கார் வந்துவிட்டது, இனிப் பிரச்சினை இல்லை என்கிறார்கள். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்ததிலிருந்து வட்டவளை வழியாகவும் சத்தமில்லாமல் சில வண்டிகள் ஏறுகின்றன. மின்சாரக் கார் புகைக் காரைவிட நல்லது. மறுப்பவனுக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் "எங்கள் கார் லக்ஷபான தண்ணீரில் ஓடுகிறது" என்று பெருமை பேசும்போது மட்டும் கொஞ்சம் பொறுங்கள். இரவு முழுக்க வீட்டில் சார்ஜ் ஏறும் மின்சாரத்தில் நுரைச்சோலை 900 மெகாவாட் நிலையத்தின் நிலக்கரியும் கலந்திருக்கிறது. தண்ணீர் என்றே வைத்தாலும், அது யாருடைய தண்ணீர்? லக்ஷபானைக்குத் தண்ணீர் கொடுக்கும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்கு அடியில் தேயிலை மலைகளும் பழைய மஸ்கெலியா நகரமும் கிடக்கின்றன. தண்ணீர் வற்றும் வருடங்களில் கோயில் தலை காட்டும். மலையில் பிறந்த மின்சாரம் கம்பியேறி லயத்துக் கூரைக்கு மேலாகக் கொழும்புக்குப் போனது. கூரைக்குக் கீழே பல பத்தாண்டுகள் குப்பி விளக்குதான் எரிந்தது.

ஓட்டத் தெரிந்தவர்கள் செய்யும் ஒரு முட்டாள்தனத்தை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், கோபத்துக்கு நடுவே ஒரு உபகாரம். கினிகத்தேனை இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் என்று நியூட்டரலில் விடுகிறார்கள். எரிபொருளை ஊசியால் பாய்ச்சும் இன்றைய எஞ்சின், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் பாய்ச்சுவதையே நிறுத்திவிடும். நியூட்டரலில் போட்டால்தான் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். மிச்சமும் இல்லை, பிரேக்கும் சூடேறித் தோற்கும். கீழே யாருடைய வாசலில் வந்து நிற்பீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை; வீதியோரம் யாருடைய லயம் இருக்கிறது என்பது தெரிந்ததுதான்.

காரைக் குறைக்க ஆகச் சிறந்த வழி எங்கள் ஊருக்கு வந்து நூற்று நாற்பது வருடம் ஆகிறது. 1884இல் ஹட்டன் வரை ரயில் பாதை போட்டார்கள், தோட்ட விளைச்சலை இறக்க. இப்போது தேயிலை லொறியில் போகிறது. ரயிலில் உல்லாசப் பிரயாணிகள் போகிறார்கள், கதவில் தொங்கிப் படம் எடுக்க. இணைய டிக்கெட்டுகளை மொத்தமாக மடக்கிப் பல மடங்கு விலைக்கு விற்ற மோசடியை 2025இல் பொலிஸ் விசாரித்தது. வட்டவளை ஸ்டேஷனில் ஏறுகிறவனுக்கு அதனால் பெரிய நட்டமில்லை; அவனுக்கு எப்போதும் கழிவறைக் கதவோரம்தான் இடம். பஸ்ஸில் போகலாம் என்பீர்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லையில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அளவுக்கு மிஞ்சி ஆட்கள் ஏறியிருந்த பஸ். ஒரே பக்கம் போகிறவர்கள் ஒரே வண்டியில் போக வேண்டும் என்ற உபதேசத்தை அவர்களும் கேட்டிருந்தார்கள் போலும்.

புகை போகும் இடம் வானம் என்று நினைத்துக் கையைக் கழுவுகிறார்கள். அது திரும்பி வரும் இடத்தைக் கேளுங்கள். வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதலாக ஈரம் சுமக்கும். சுமந்ததை எங்காவது கொட்டத்தானே வேண்டும். உலகத்தின் கார்களும் ஆலைகளும் ஏற்றிவிட்ட சூட்டுக்கு மேகம் வட்டி கட்டும் இடங்களில் இந்த மலையும் ஒன்று. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. மலை அசைகிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வேறு இடம்தான் கொடுக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது கண்டியும் பதுளையும் நுவரெலியாவும் ஒரே நேரத்தில் சரிந்தன. ரயில் பாதை பல இடங்களில் மண்ணுக்குள் போனது. நாடு முழுக்கச் செத்தவர்கள் 600க்கு மேல். அவர்களில் வாழ்நாளில் ஒரு காரின் சாவியைத் தொட்டிராதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை எடுக்க எந்தத் திணைக்களத்துக்கும் தோன்றவில்லை. சரிவில் வீடு கட்டியதால் செத்தார்கள் என்று எழுதினார்கள். நாங்களா இடம் தெரிந்தெடுத்தோம்? தேயிலைக்கு நல்ல மண்ணை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த ஓரத்தில் லயம் கட்டியது யார்?

என்ன செய்யலாம் என்று உண்மையாகவே கேட்கிறவர்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். வரியை வண்டியின் வயதுக்குப் போடாமல் எடைக்கும் எரிக்கும் எண்ணெய்க்கும் போடுங்கள். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் விலக்குக் கொடுங்கள். அந்தப் பணத்தில் டிவிசனுக்கு டிவிசன் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். சட்டத்தைத் திருத்திவிட்டீர்கள், இனிப் பாதையையும் திருத்துங்கள். ரயிலில் உள்ளூர்க்காரனுக்கு இரண்டு பெட்டியைப் பூட்டாமல் விடுங்கள், தேயிலையையும் திரும்ப ஏற்றுங்கள். இதில் எதற்கும் ஆராய்ச்சி தேவையில்லை, செலவு தேவை. டயருக்குக் காற்றடிக்கச் சொல்வதற்குச் செலவே இல்லை. அதனால்தான் எல்லா மேடையிலும் அதையே சொல்கிறார்கள்.

அடுத்த கருத்தரங்கை நுவரெலியா ஹோட்டலில் வைக்க வேண்டாம். வட்டவளையில் வையுங்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் சும்மாதான் கிடக்கிறது. கித்துல்கலை வரை வண்டியில் வரலாம். அதற்கு மேல் ஏற்றம்தான், நடக்கலாம். குடை கொண்டுவருவதும் கொங்காணி போடுவதும் உங்கள் இஷ்டம். மதியத்துக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் தருவோம், வெறுந்தேத்தண்ணியும் உண்டு. காலை ஆறரைக்குப் பெரட்டு. பிந்தி வந்தால், எந்த அமைச்சராக இருந்தாலும், அரைப் பேர்தான்.